முழங்காலில் ஒட்டிய பொட்டு

திராட்சைக் குலைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பேத்தி பவுன்தாய் செல்போனோடு வரப்பில் வந்து நின்றாள். "ஆத்தா, பெரியகுளத்துல ராணியம்மா போயிட்டாக" என்றாள். கூடை சரிந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூளைவாதம் வந்த பிள்ளைகளுக்கு நடைப்பயிற்சி கொடுத்தவர் ராணியம்மா. வாரம் ஒரு நாள் பஸ் ஏறிக் காமயகவுண்டன்பட்டிக்கு வருவார்.

பவுனுக்கும் அந்த வாதம்தான். அப்போது அவளுக்கு ஏழு வயது. குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில் நடப்பாள். ஒரு டாக்டர் நாற்காலியை விட்டு எழாமலே, "குதிகால் நரம்பை வெட்டி நீட்டணும்" என்று அடுத்த திங்கள்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார். அந்த முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

ராணியம்மாவோ, "இருங்க ஆத்தா. காலைப் பாத்து முடிவு பண்ணக் கூடாது, நடையைப் பாக்கணும்" என்றார். கல்யாண வீடியோ எடுக்கும் சேகரை வரவழைத்தார். பவுனுக்கு டவுசர் மாட்டி, இடுப்பு, முழங்கால், கணுக்கால், சுண்டுவிரல் என்று நாலு இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"நெத்திக்கு உள்ளதக் காலுல ஒட்டுறீகளே, அடுக்குமா?"

"கேமராக் கண்ணுக்குக் காலு தெரியணும்ல ஆத்தா?"

அவர் சேகரிடம் திரும்பிய நேரம் பார்த்து, முழங்கால் பொட்டைப் பிய்த்துப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிட்டேன். வெறும் நெற்றியோடு பெண்பிள்ளையைப் படம் பிடிக்கலாமா?

சேகர் கடை டிவியில் போட்டுப் பார்த்தபோது குட்டு உடைந்தது.

"முழங்கால் எங்கண்ணே?"

"நெத்திக்கு ஏறிருச்சுக்கா!"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ராணியம்மா சிரிக்கவில்லை. "திங்கக்கெழம வெட்டப்போறது ஒங்க பேத்தி காலு. அத மறைச்சது நீங்க" என்றார், அத்தனை பேர் முன்னால்.

அன்றே மறுபடி படம் எடுத்தார்கள். சேகர் ஒவ்வோர் எட்டாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். ராணியம்மா டிவிக் கண்ணாடி மேல் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பொட்டுக்குப் பொட்டு பார்த்துக்கொண்டே வந்தவர், துள்ளி எழுந்தார்.

"ஆத்தா! இங்கன வாங்க! கணுக்கால் சரியாத்தான் நிக்குது. முழங்கால்தான் நிமிரல. அதுனாலதான் குதிகால் தரைக்கு எட்டல. கீழ வெட்டுனா பிள்ள இன்னும் மடங்கிப் போகும்!"

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த நாலு பொட்டையும் கூட்டாமலே படித்தேன். மடங்கியிருந்தது முழங்கால்தான்! நான் பொட்டைப் பிய்த்த அதே இடம்! திங்கள்கிழமை நாங்கள் அந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை.

ராணியம்மாவே கேசட்டோடு மதுரைக்கு வந்தார். அங்கே இன்னொரு டாக்டர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, முழங்காலுக்குப் பின்னால்தான் ஆபரேஷன் என்றார். பிறகு இரண்டு வருடம் காலில் கட்டு, நடைப்பயிற்சி. ஒரு நாள் குளித்துவிட்டு வந்த பவுனின் ஈரத்தடத்தைப் பார்க்கிறேன், இரண்டு குதிகாலும் பதிந்திருக்கின்றன! பூத்துக்கு ஓடிப் போன் போட்டேன்.

"நெசமாவா ஆத்தா? ரெண்டுமா?" என்று அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "அழிச்சுறாதீக, நான் வந்து பாக்கணும்!"

ஈரத்தடம் அவர் வரும்வரை காயாமல் இருக்குமா?

அன்று ஒரு நாள்தான் நானாக அவரிடம் நேரே பேசினேன். மற்றபடி, சேகர் கடையில் அத்தனை பேர் முன்னால் அவர் சொன்ன சொல்லுக்காகப் பதினோரு வருடம் பவுனை நடுவில் வைத்தே அவரோடு பேசினேன். அவரும் அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஆத்தா சாப்பிட்டாகளான்னு கேளு பவுனு" என்பார், நான் எதிரிலேயே நிற்க.

சேதி கேட்டுப் பவுனோடு பெரியகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பொட்டு அட்டை வாங்கினேன். துக்க வீட்டு வாசலில் குனிந்து, சுடிதாருக்கு மேலேயே பவுனின் இடுப்பிலும் முழங்காலிலும் ஒட்டினேன். பிறகு கணுக்காலில், சுண்டுவிரலில்.

"எல்லாரும் பாக்குறாக ஆத்தா."

"பாக்கட்டும். நீ எப்பவும் நடக்குறபடி நட."

வாசலிலிருந்து ராணியம்மாவின் தலைமாடு வரை குதிகால் முன்னே பதிய நடந்தாள் என் பேத்தி. நான் அவர் காதோரம் குனிந்தேன்.

"ராணியம்மா, இந்தத் தடவ ஒண்ணையும் பிய்க்கல. நல்லாப் பாத்துட்டுப் போங்க."