வட்டப்பாறைச் சத்தியம்

திண்டிவனத்தில் பொழுது சாயப் புறப்பட்டு, ராத்திரி முழுக்க நடந்து, விடியும்போது விழுப்புரம் போய்ச் சேருகிற புற்றுநோய் நடைக்கு டீயிலிருந்து காலை இட்லி வரைக்கும் எல்லா ஏற்பாடும் என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான்காம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்த்தேன். பிறகு பாத்திரத்தை வாடகைக்கு விட்டேன். அதற்குப் பிறகு பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இன்றைக்கு இந்த ரோட்டில் என் அண்டா ஏறாத அடுப்பு குறைவு. சொன்ன நேரத்துக்குச் சாமான் வந்து இறங்கும். சொன்ன சொல் மாறமாட்டேன். என் கைமுதலே அதுதான் என்று யார் கேட்டாலும் சொல்லுவேன்.

நடையை நடத்துகிற பிள்ளைகள் எல்லாம் படித்தவர்கள். சிகிச்சைக்கு வழியில்லாதவர்களுக்குப் பணம் சேர்க்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் வழியில் எங்கே நிறுத்தி உட்கார வைப்பது என்று செல்போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் பேசினார்கள். நான் ஒரே மூச்சில் சொன்னேன். கூட்டேரிப்பட்டு தாண்டி ஓரிடம், விக்கிரவாண்டிக்கு முன்னால் ஓரிடம், அங்கே பெண்களுக்கு மறைப்புக் கட்டாயம் வேண்டும்.

"எப்படிம்மா இவ்ளோ கரெக்டா சொல்றீங்க? இந்த ரோட்ல நடந்திருக்கீங்களா?" என்று அவர்களில் இருந்த டாக்டர் பெண் கேட்டாள்.

நடந்திருக்கிறேன், பத்து வயதில். நடைக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம், அதில் போட ரெண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்றாள். ரெண்டு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை அது.

அப்போது எங்கள் வீடு கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில். அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். பிள்ளை இல்லை என்று மூன்றாம் வருஷமே புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள்தான், திரும்ப எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அத்தை என்றால் அம்மாவுக்கும் மேலே. அவள் பாயில்தான் படுப்பேன். மல்லாட்டைக் கடலை உரிக்கும்போது திரட்சியான பருப்பாகப் பார்த்து என் வாயில் போடுவாள்.

"வெதைக்கு வச்சத அத்தையும் மருமவளும் தின்னே தீர்த்துடுவீங்க போலக்குதே" என்பாள் அம்மா.

அந்த வருஷம் அத்தையின் இடது கை வீங்கியது. வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டி வந்தது. பத்துப் போட்டார்கள், மந்திரித்தார்கள், விளக்கெண்ணெய் பூசிப் பார்த்தார்கள். வடியவில்லை. ஒரு நாள் அத்தையே சொன்னாள், விழுப்புரம் பக்கத்துத் திருவாமாத்தூருக்கு ராத்திரியோடு ராத்திரியாக நடந்து போய் விடியலில் சாமி பார்ப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று. தனியாக எப்படிப் போவாள்? நான்தான் தெருவெல்லாம் ஏறி இறங்கி எட்டுப் பெண்களைச் சேர்த்தேன். மகனுக்கு வேலை, மாடு சினை பிடிக்க, மாமியார் சீக்கிரம் போய்ச் சேர என்று ஆளுக்கொரு வேண்டுதல். ஆள் திரட்டுகிற சாமர்த்தியம் எனக்கு அன்றைக்கே இருந்தது.

நல்ல நிலா. எதிரே லாரி வரும்போது மட்டும் ஓரமாக ஒதுங்குவோம். எதிர்வீட்டுப் பெரியம்மா வழியெல்லாம் வம்பு.

"ஏன்டி குட்டி, உனக்கு இன்னா வேண்டுதல்?"

"அத்தைக்குக் கை வடியணும்."

"அப்ப உன் புருஷனுக்கு நாங்க வேண்டிக்கிறோம். கறுப்பா, குண்டா, நீ பேசற பேச்சுக்கு ரெண்டு காதும் செவிடா ஒருத்தன் வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். துணி மூட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடந்தாள். நான் தூக்குகிறேன் என்றாலும் தரவில்லை.

விக்கிரவாண்டிக்கு முன்னால் புளியமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். அத்தை என்னை மட்டும் ஒரு பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். "யாராச்சும் வந்தா கொரல் குடு. இந்தப் பக்கம் திரும்பக் கூடாது" என்றாள். கொஞ்ச நேரம் நின்றேன். நரி ஊளையிட்டது. பயந்து திரும்பிவிட்டேன்.

அத்தை ரவிக்கையைத் தளர்த்திவிட்டுத் தொட்டித் தண்ணீரில் நனைத்த துணியால் இடது மார்பை ஒற்றிக்கொண்டிருந்தாள். கல்லை உள்ளே வைத்துத் தைத்ததுபோல ஒரு கட்டி. அதன்மேல் தோல் வெடித்துப் புண். மூட்டையில் இருந்தது முழுக்கப் பழைய சேலைக் கிழிசல், அந்தப் புண்ணுக்குக் கட்ட.

"பாத்துட்டியா?" என்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அப்பா கிட்ட சொல்லலாம் அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஆம்பள டாக்டருக்கு இத எப்படிடி தொறந்து காட்டுவேன்? ஊரு இன்னா சொல்லும்? தொத்து நோவும்பாங்க. உன்னக்கூட எங்கிட்ட படுக்க விட மாட்டாங்க. ஒரு வூட்ல தொரத்துனாங்க, இங்க வந்தேன். இங்கயும் தொரத்துனா நான் எங்க போவேன்?"

அவள் கட்டுப் போட்டு முடிக்கும்வரை துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திருவாமாத்தூரில் வட்டப்பாறை இருக்கிறது. அதன்முன் பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாகப்பிரிவினைத் தகராறு என்றால், "வா, வட்டப்பாறைக்கு" என்பார்கள். அதோடு பாதித் தகராறு தீர்ந்துவிடும். விடியலில் மற்றவர்கள் குளிக்கப் போனதும் அத்தை என்னை அங்கே நிறுத்தினாள். யார் கேட்டாலும் வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். என் கைமேல் அவள் கையை வைத்து அழுத்தினாள். அந்த வீங்கின கை. கனமாக இருந்தது, சுட்டது.

திரும்பும்போது எல்லோரும் பஸ்ஸில் வந்தோம். எனக்குக் காலெல்லாம் கொப்புளம். ஆனால் ஊருக்கே தெரியாத ரகசியத்தைச் சுமக்கிறவள் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

சத்தியத்தைக் காத்தேன். சும்மா இல்லை, கெட்டிக்காரத்தனமாகக் காத்தேன். அப்பா ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, "கூடவே படுத்துக்கெடக்கிறியே, அத்தை ராத்திரில மொனகுதா? எங்கனா வலின்னு சொல்லுதா?" என்று கேட்டார். இல்லப்பா என்றேன். "அவ பக்கத்துல போனா இன்னாடி ஒரு வாடை?" என்றாள் அம்மா. கைக்குப் பூசுற எண்ணெய் காறிப்போச்சும்மா என்று முகம் மாறாமல் சொன்னேன். அம்மா அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு வேறு வாங்கிவந்தாள். பழைய துணிகளை அம்மா எழுவதற்கு முன்னால் வாய்க்காலில் அலசிப் புதரில் காயப்போட்டது நான். பெரியவர்களால்கூட அப்படிச் செய்திருக்க முடியாது என்று எனக்குள்ளே மெச்சிக்கொண்டேன்.

அந்த மாசியில் அத்தை போய்விட்டாள். குளிப்பாட்ட உள்ளே போன எதிர்வீட்டுப் பெரியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் சொன்ன பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நெலத்த வித்தாச்சும் பாத்திருப்பேனே. என் தங்கச்சிய நான் தொரத்துவனா?" என்று அழுதார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமாடி?" என்றார். தெரியாது என்றேன். பாறை என் கண்முன்னே நின்றது.

இவ்வளவு வருஷத்தில் நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது எழுதுவதுகூட வேறொன்றுக்காக.

நாங்கள் நடந்துவிட்டு வந்த முதல் மாதம் அத்தை என்னை மிரட்டுவதுபோலக் கேட்பாள், "யாரு கிட்டயாச்சும் சொல்லிட்டியா?" என்று. இல்லை என்றால் கன்னத்தைக் கிள்ளுவாள். மார்கழிக்குமேல் கேட்கிற விதம் மாறியது. அப்பா வெளியே போகும் சத்தம் கேட்ட பிறகு மெதுவாகக் கேட்பாள். கடைசியாகக் கேட்டது அவளால் எழுந்து உட்கார முடியாமல் போன பிறகு.

"அப்பா கிட்டகூடவா சொல்லல?"

"இல்ல அத்தை, சத்தியமா."

"ஒங்கம்மா கிட்ட?"

"இல்லவே இல்ல. உசுரே போனாலும் சொல்லமாட்டேன் அத்தை."

மெச்சுவாள், கன்னத்தைக் கிள்ளுவாள் என்று முகத்தை அவள் பக்கம் நீட்டிக்கொண்டு இருந்தேன். அவள் என்னையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்னை நம்பவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. தெருவிலேயே ஓட்டைவாய் என்று பெயர் எடுத்த நான் எப்படியும் ஒரு நாள் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று அவள் தினமும் காத்துக்கொண்டிருந்தாள் என்பது அந்தப் பத்து வயதுக்குத் தோன்றவே இல்லை.