ஒரே பச்சையில் இரண்டு எஞ்சின்கள்

1. அம்மீற்றர் முள்

தேவசகாயம் ஐயாவின் காரை நான் முதன்முதலாகத் தொட்ட அன்றே பழுதாக்கினேன். இதை வேறு யாராவது உங்களுக்குச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தின் அடியில் அப்போது எனக்கு ஒரு கராஜ் இருந்தது. வள்ளத்து எஞ்சின், உழவு இயந்திரம், ஓட்டோ, இவைதான் என் உலகம். ஐயாவின் வீடு ஏற்றத்துக்கு மேலே. அவரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே இரண்டு இருக்கை, துணிக்கூரை, சிவப்பு நிறம். பற்றரி செத்துவிட்டது, புதிதாக ஒன்று போட்டுத் தரவேண்டும் என்று ஆளனுப்பியிருந்தார்.

பற்றரி மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா? மைனஸ் வயரைக் காரின் பொடியில், அதாவது இரும்பு உடம்பில், பூட்டினேன், பிளஸ்ஸை மற்றதில் பூட்டினேன். செல்ப் அடித்ததும் ஸ்டார்ட் ஆனது. எஞ்சினை நிறுத்திவிட்டு லைற்றைப் போட்டேன். பற்றரிக்குள் மின்சாரம் போகிறதா வெளியே வருகிறதா என்று காட்டும் அம்மீற்றர் முள் சார்ஜ் பக்கம் போய் நின்றது. எஞ்சின் ஓடவில்லை, லைற் எரிகிறது, பற்றரியோ சார்ஜ் ஆகிறதாம். இப்படியொரு அதிசய வண்டி இருந்தால் உலகத்தில் பெற்றோலே தேவையில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தேன். டைனமோவின் சார்ஜை அளந்து விடும் கட்அவுட் பெட்டியிலிருந்து புகை வந்தது.

மணம் பிடித்து ஐயா வெளியே வந்தார்.

"தம்பி, எந்தப் பக்கம் பூட்டினனீங்கள்?"

"வழமையான பக்கந்தான் ஐயா."

"அதுதான் பிழை. இந்தக் காருக்குப் பிளஸ்தான் பொடிக்குப் போறது. கிரேஸ் சொன்னவ."

கிரேஸ் ரீச்சர் அவருடைய மனைவி, கணக்குப் படிப்பித்தவர். காரை வாங்கியதும் ஓட்டியதும் பழுது பார்த்ததும் ரீச்சர்தான். ஐயா துறைமுகப் பக்கத்து அலுவலகமொன்றில் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பது வருஷம் இடப்பக்க இருக்கையில் இருந்து பயணம் செய்த மனிதர். நான் பற்றரி போடப் போனபோது ரீச்சர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்கு ஐயா காரில் ஏறுவார். தன் பழைய இடத்தில், இடப்பக்கத்தில்தான் இருப்பார். கையை எட்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்து கால் மணித்தியாலம் ஓடவிடுவார். அந்தக் கால் மணித்தியாலமும் அன்றைய கதையெல்லாம் ரீச்சருக்குச் சொல்வார். மீன் விலை, தேவாலயத்துப் புதினம், பக்கத்து வீட்டு மதில் தகராறு என்று ஒன்றும் விடமாட்டார். "எஞ்சின் ஓடினாத்தான் அவ பக்கத்தில இருக்கிற மாதிரி" என்று வெட்கப்படாமல் என்னிடம் சொன்னார். கருகிய கட்அவுட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

2. வளைவில் வளையாத பைக்

கிண்ணியாவில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்த பாறூக்கிடமும் அதே கார் இருந்தது. அதே மொடல், நிறம் மட்டும் வெள்ளை. மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கொண்டுவந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வாகனப் பைத்தியம் என்றால் அவரைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பழைய பைக்குகளை வாங்கி வெட்டி, ஒட்டி, நீட்டி, தன் மனதில் இருக்கும் பைக்காக ஆக்குவார். டாங்க் ஒரு கம்பனி, எஞ்சின் இன்னொரு கம்பனி, பின்சில்லு எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

ஒரு வருஷம் இரண்டு காருக்கும் ஒரே மாதத்தில் கிளச் போனது. ஐயாவுடையது ஓடாமல் நின்றே துருப்பிடித்து இறுகியது, பாறூக்குடையது ஓடியோடித் தேய்ந்தது. இந்தக் காரில் கிளச் மாற்ற எஞ்சினையே வெளியே தூக்கவேண்டும். தூக்குகிற செயின் புளொக் என்னிடம் இல்லை. தம்பலகாமத்தில் உழவு இயந்திரம் திருத்தும் நண்பரிடம் இரவல் வாங்கவேண்டும், அறுவடைக் காலமென்றால் அவர் இரண்டாம் முறை தரமாட்டார். ஆகவே ஒரே இரவலில் இரண்டு காரையும் முடித்துவிடலாம் என்று கெட்டித்தனமாக யோசித்தேன்.

இரண்டு எஞ்சினையும் இறக்கி, கழுவி, துரு சுரண்டி, கையிலிருந்த ஒரு ரின் பச்சைப் பெயின்றை இரண்டுக்கும் அடித்தேன். நம்பர் பதித்த தகட்டுக்கு மேலும் அடித்துவிட்டேன். சுவரோரம் இருப்பது ஐயாவுடையது, வாசலோரம் இருப்பது பாறூக்குடையது. அதை ஏன் எழுதி வைக்கவேண்டும்? எனக்குத் தெரியுந்தானே.

அன்றைக்கென்று பாறூக் புதுப் பைக் ஒன்றோடு வந்தார். முன்போர்க்கை, அதுதான் சில்லைப் பிடிக்கும் கவையை, ஒரு முழம் நீட்டியிருந்தார். முன்சில்லு அடுத்த ஒழுங்கையில் நின்றது.

"ஏறுங்க அண்ணன், ஒரு சுத்து சுத்திட்டு வருவம்."

"இது வளையுமோ?"

"வளையாம? நேராப் போறத்துக்கா ஹேண்டில் வெச்சிரிக்கி?"

ஓர்ஸ் ஹில் வளைவு வளைந்தது. பைக் வளையவில்லை. ஒரு பேக்கரியின் தகர வேலிக்குள் இரண்டு பேரும் போய் விழுந்தோம். பாறூக்குக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதுகூட "போர்க்கில ரெண்டு அங்குலம் குறைச்சிருந்தா சரி வந்திரிக்கும் அண்ணன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

செயின் புளொக்கைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. பாறூக் தன் தொழிற்சாலை ஆட்கள் நாலு பேரைக் கூட்டிவந்தார். நான் கதிரையில் சாய்ந்திருந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் வேலை செய்தேன். "சுவரோரம் கிடக்கிறது சிவப்புக் காருக்கு, மற்றது வெள்ளைக்கு" என்றேன். அவர்களும் அப்படியே செய்தார்கள்.

முதல்நாள் பெய்த மழையில் கராஜுக்குள் தண்ணீர் வந்ததும், கராஜைப் பார்த்துக்கொள்ள முதல்நாளே வந்திருந்த அந்த ஆட்கள் அதைக் கூட்டித் தள்ளுவதற்காக இரண்டு எஞ்சினையும் இழுத்து இடம் மாற்றி வைத்ததும் எனக்குத் தெரியாது. நான் அப்போது ஆஸ்பத்திரியில்.

அந்தக் கிழமை ஐயா எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சத்தம் கொஞ்சம் வேற மாதிரிக் கிடக்கு, பஸ்தியான்."

"புதுக் கிளச் ஐயா. போகப்போகச் சரியா வரும்."

கிளச்சுக்கும் அந்தச் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். ஐயா நம்பிவிட்டார்.

3. பச்சைக்குக் கீழே

நாலு வருஷம் போனது. பாறூக் தன் வெள்ளைக் காருக்குக் கறுப்பு அடித்தார். நிறம் மாற்றினால் வாகனப் பதிவுப் புத்தகத்திலும் மாற்றவேண்டும், அதற்குப் மோட்டார் வாகனப் பரிசோதகர் அடிச்சட்டமான செசியின் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பார்ப்பார். நானும் கூடப் போயிருந்தேன். பரிசோதகர் பச்சைப் பெயின்றைச் சுரண்டினார், புத்தகத்தைப் பார்த்தார், திரும்பவும் சுரண்டினார்.

"இது இந்தக் காரின்ர எஞ்சின் இல்லையே."

"எஞ்சினை ஆரும் மாத்தேல்ல சேர்" என்றேன் நான், மிகுந்த தைரியத்தோடு.

"அப்ப புத்தகம் பொய் சொல்லுதா? மாசக் கடைசிக்குள்ள சரியான எஞ்சினோட வாங்க. இல்லாட்டி வாகனத்தை இங்க விட்டுட்டுத்தான் போகவேணும்."

வரும் வழியெல்லாம் இருவருக்கும் ஒரே யோசனை. யார் மாற்றியது, எப்போது மாற்றியது, அப்படியென்றால் சரியானது எங்கே? தொழிற்சாலை ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் மழைத் தண்ணீர்க் கதை வெளியே வந்தது. அதைக் கேட்டதும் வாகனத்தைப் பிடிப்பார்கள் என்ற பயம் எனக்கு வரவில்லை. ஐந்து மணிக்கு இடப்பக்கத்தில் இருந்து கதைக்கும் மனிதர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தார்.

"ஐயாக்கிட்டச் சொல்ல வாணாம் அண்ணன்" என்றார் பாறூக். "சேர்விஸ் எண்டு சொல்லி எடுத்துட்டு வந்து, சத்தமில்லாம மாத்தி வெச்சிருவம். வயசான மனுசன், தாங்கமாட்டார்."

அது சரிபோலவும் இருந்தது, பிழைபோலவும் இருந்தது. ஐயாவுடையது ஐயாவிடமே போய்ச் சேரப்போகிறது, இதில் யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கோழைக்கு எது வசதியோ அதைத்தான் செய்தேன்.

4. சேர்விஸ்

"ரெண்டு நாளோ?" என்று ஐயா கேட்டார். சாவியை உடனே தரவில்லை. "ஒரு நாளில முடிக்க ஏலாதோ?"

"ஏலாது ஐயா. பெரிய சேர்விஸ்."

இந்த முறை இரண்டு நம்பரையும் தேய்த்து, இரண்டு புத்தகத்தோடும் ஒப்பிட்டு, கடதாசியில் எழுதிக் கட்டினேன். ஆறுதரம் பார்த்தேன். ரீச்சரின் எஞ்சின் ரீச்சரின் காருக்குள் போனது. ட்யூன் செய்தபோது நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. எனக்கு நெஞ்சுப் பாரம் பாதி குறைந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் பாறூக் காரை ஓட்டிவந்து போர்ட்டிகோவில் நிறுத்தினார், நான் பின்னால் ஓட்டோவில் வந்தேன். ஐயா குளித்துத் தோய்ந்து, வெள்ளைச் சேர்ட் போட்டுக் காத்துக்கொண்டு நின்றார். ஏறி இருந்து ஸ்டார்ட் செய்தார். தலையைக் குனிந்து கேட்டார். நிறுத்தினார். திரும்பவும் ஸ்டார்ட் செய்தார். நிறுத்தினார்.

"பஸ்தியான், என்ர எஞ்சின் எங்க?"

நான் திகைத்துப்போனேன். நாலு வருஷம் பிழையான எஞ்சினோடு இருந்தவர், சரியானதைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு இப்படிக் கேட்கிறார்.

"இதுதான் ஐயா உங்கட எஞ்சின்."

"இல்ல. இது வேற. ஆருக்குக் குடுத்தனீங்கள் அதை?" என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உங்களை நம்பித்தானே தந்தனான்."

"ஐயா, நான் சொல்றன்..." என்று பாறூக் தொடங்கினார். நான் கையைக் காட்டி மறித்தேன். என் பிழையை நான்தான் சொல்லவேண்டும். கிளச், செயின் புளொக், பச்சைப் பெயின்ற், மழை, கதிரை, எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதகரையும் சொன்னேன். சேர்விஸ் என்றது பொய் என்பதையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய் அலுமாரியிலிருந்து வாகனப் புத்தகத்தை எடுத்துவந்தார். எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்து டோர்ச் பிடித்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு இலக்கமாக விரலால் தொட்டு வாசித்தார். முடித்துவிட்டு இன்னொருதரம் வாசித்தார்.

"நம்பர் சரி" என்றார்.

பிறகு, "நான் அண்டைக்கே சொன்னனான், சத்தம் வேற எண்டு" என்றார்.

"ஓம் ஐயா. சொன்னனீங்கள்."

"நீங்கள் கிளச் எண்டனீங்கள்."

"ஓம் ஐயா."

"அப்ப இந்த நாலு வருஷமும் நான் ஆரோட கதைச்சனான்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். பாறூக் பாவம், கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகிய மனிதர். "என்ட எஞ்சினோட, ஐயா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாறூக்கின் கண்தான் கலங்கியிருந்தது.

"வேணுமெண்டா திரும்ப மாத்தித் தாறன் ஐயா, புத்தகத்து அலுவலை நான் எப்படியாவது பாக்கிறன்" என்று உளறினேன்.

"எதை மாத்துவீங்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. பழகிய சத்தம் பாறூக்கின் காரில் போகப்போகிறது. ரீச்சர் கேட்ட சத்தம் இங்கே நிற்கிறது, அதை இவருக்கு அடையாளம் தெரியவில்லை. இதில் எது அவருடையது?

நாங்கள் வாசல் படலையை நோக்கி நடந்தோம். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அந்த முப்பது அடித் தூரத்தில் யோசித்ததுதான். எஞ்சினை இறக்கினால், கை கழுவமுதல் நம்பரைத் தேய்த்துப் பார்த்து எழுதிக் கட்டுங்கள். இடத்தை நம்பாதீர்கள், உங்கள் ஞாபகத்தையும் நம்பாதீர்கள். வாகனக்காரர் சத்தம் மாறியிருக்கிறது என்று சொன்னால், கிளச் என்று வாயைத் திறக்கமுதல் பொனற்றைத் திறவுங்கள், ஏனென்றால் அந்த வண்டியை உங்களைவிட அதிகம் கேட்டவர் அவர். பிழை விட்டது தெரிந்தால் முதலில் போய்ச் சொல்லுங்கள், பிறகு ஸ்பானரை எடுங்கள். நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்து, ஒரு மனிதரின் நாலு வருஷத்தைக் கொண்டுபோய் வேறொரு காருக்குள் வைத்துவிட்டேன். அதைக் கழற்றி எடுக்க எந்தச் சாவியும் என்னிடம் இல்லை.

"பஸ்தியான்!"

திரும்பிப் பார்த்தேன். ஐயா மறுபடி இடப்பக்கத்தில் ஏறி இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு வருஷம் கதைக்காம விட்டா ஆரின்ர குரலும் புதுசாத்தான் கேக்கும், என்ன?"

"ஓம் ஐயா" என்றேன்.

"டாங்கில எவ்வளவு பெற்றோல் கிடக்கெண்டு ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ" என்றார். "அவவுக்கு எல்லாம் முதல்ல இருந்து சொல்லவேணும்."