சுவைலிம் கீழே வைத்த கோப்பை

மஸ்கட்டில், எங்கள் அரசு விருந்தினர் மாளிகையில் பதினேழு வருடமாகக் காப்பி ஊற்றுகிறவர் சுவைலிம். சூர் என்ற ஊர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பள்ளிக்கூடம் போனது நான்கே வருடம். எங்கள் மலைக் கிராமத்தில் முதல் பட்டம் வாங்கியவன் நான். அதையும் சர்வதேச உறவுகளில் வாங்கியவன். அப்படிப்பட்ட நான் பதினான்கு மாதம் முட்டி மோதியும் நடக்காத ஒன்றை அவர் ஒரு மதிய விருந்தில் நடத்திவிட்டார். அதற்காகப் பட்டத்தை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். அது எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

சுவைலிமின் தம்பி கமீஸ் மீன்பிடிக்கிறவன். ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனவனை நீரோட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கரை நாட்டு ரோந்துப் படகு பிடித்துக்கொண்டது. அந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். நான் பார்க்கிற வேலை அப்படி. ஆறு பேரும் அங்கே சிறையில்.

எங்கள் வெளியுறவு அலுவலகம் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. பதினோரு கடிதம் எழுதினோம். எழுதியது நான்தான். முதல் ஆறில் 'கவலை' தெரிவித்தோம். ஏழாவதில் அதை 'ஆழ்ந்த கவலை'யாக உயர்த்த மூன்று கூட்டம் போட வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. தங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரே வரி.

"படிச்ச தம்பி, அடுத்த லெட்டர் எப்போ?" என்று காப்பி காய்ச்சும் அறையில் சுவைலிம் கேட்பார்.

"வியாழக்கிழமை போகுதுண்ணே. இதுலயும் ஆழ்ந்த கவலைதான்."

"எவ்வளவு ஆழம்? என் தம்பி வலை போட்ட ஆழம் இருக்குமா?"

நான் ஏலக்காயை எண்ணுவதுபோல் குனிந்துகொள்வேன்.

இந்த நேரத்தில்தான் அக்கரை நாட்டுக்கும் ஒரு பெரிய தூரத்து நாட்டுக்கும் கப்பல் பாதைத் தகராறு முற்றி, இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச எங்கள் மாளிகையைக் கேட்டார்கள். முதல் இரண்டு நாள், யார் முதலில் உள்ளே நுழைவது என்பதிலேயே போனது. மூன்றாம் நாள் தச்சரைக் கூப்பிட்டு எதிர்ச் சுவரில் இன்னொரு வாசல் வெட்டினோம். இரண்டு தரப்பும் ஒரே நொடியில் உள்ளே வந்தார்கள். பேச்சுவார்த்தை முன்னேறுகிறது என்று அன்று மாலை அறிக்கை கொடுத்தோம். அதில் பொய் ஒன்றுமில்லை.

அக்கரை நாட்டுக் குழுவுக்குத் தலைவர் அவர்களுடைய தூதர் முத்லக். அறுபது வயது, பாலைவனத்துக் குடும்பம், கனத்த குரல். பத்து நாள் அவருக்குக் காப்பி ஊற்றினார் சுவைலிம். இடது கையில் கெண்டி, வலது கையில் கோப்பை, குனிந்தால் இரண்டு பேருடைய தலைத்துணியும் உரசும். அவ்வளவு பக்கம். ஆனால் ஊற்றுகிறவன் பேசக் கூடாது. பேசினால் வேலை போய்விடும், கூடவே பேச்சுவார்த்தையும் போய்விடும் என்று எங்கள் இயக்குநர் ஹிலால் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

"அவர் காதுல ஒரு வார்த்தை போடலாம்ல தம்பி? ஒண்ணே ஒண்ணு."

"வேணாம்ணே. எல்லாம் கெட்டுப்போயிரும்."

"இப்ப என்ன கெடாம இருக்கு?"

பத்தாம் நாள் உடன்பாடு வந்தது. மறுபடி ஒருநாள் சந்திப்பது என்று உடன்பாடு. அந்தச் சந்தோஷத்தில் தூதர் முத்லக் தன் வீட்டில் மதிய விருந்து வைத்தார். சமையற்காரர், ஓட்டுநர், காப்பி ஊற்றுகிறவர் உட்பட மாளிகையில் உழைத்த எல்லோரும் வர வேண்டும் என்றார். எளியவர்களோடு உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வது தூதர்களுக்குப் பிடிக்கும்.

கம்பளத்தில் சுவைலிம் விருந்தாளியாக உட்கார்ந்தார். பதினேழு வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். தூதர் வீட்டு ஆள் காப்பி ஊற்றிக் கொடுத்தான். சுவைலிம் வாங்கினார். வாயருகில் கொண்டுபோகவில்லை. தன் முன்னால் கம்பளத்தின் மேல் வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஊற்றியவன் நகரவில்லை. பேச்சு ஒவ்வொரு மூலையாக அடங்கியது. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது: விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். ஆகும் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை தொட மாட்டான். அவன் காப்பி ஆறிக் கிடந்தால் அவமானம் வீட்டுக்காரருக்கு.

ஹிலாலின் முகம் வெளுத்துவிட்டது. "குடிய்யா, குடிச்சுத் தொலை," என்று பல்லுக்குள் முனகினார். தூரத்து நாட்டு அதிகாரி தன் மொழிபெயர்ப்பாளரிடம் காப்பியில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று விசாரித்து, தன் கோப்பையைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்தார். ஆக, குடிக்காத கோப்பை இரண்டாகிவிட்டது.

தூதரின் உதவியாளர் காதோடு ஏதோ சொல்ல வந்தார். முத்லக் கையைத் தூக்கி நிறுத்தினார். அவர் தகப்பன், பாட்டன் உட்கார்ந்த கூடாரங்களில் இந்தக் கோப்பைக்கு முடியாது என்று யாரும் சொன்னதில்லை போலும்.

"குடிங்க. உங்க காரியம் முடிஞ்சுது," என்றார். அதற்குப் பிறகுதான், "என்ன காரியம்?" என்று கேட்டார்.

சுவைலிம் ஒரே மடக்கில் குடித்தார். "ஒரு படகு ஆளுங்க, ஐயா. உங்க சிறையில இருக்காங்க. என் தம்பியும் அதுல."

"எத்தனை பேரு?"

"ஆறு பேரு."

"ஒரு காரியம்னு பாத்தா ஆறா?"

"அவங்க எல்லாம் ஒண்ணாத்தான் கடலுக்குப் போனாங்க, ஐயா. தம்பிய மட்டும் கூட்டிட்டுப் போனா, மத்த அஞ்சு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

முத்லக் வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் இயக்குநரைப் பார்த்து, "ஹிலால், இவரை அந்த மேசையில உட்கார வெச்சிருந்தீங்கன்னா நாங்க பத்து நாள்ல பாதிக் கடலைக் குடுத்துட்டுப் போயிருப்போம்," என்றார்.

விருந்து முடிந்த ஒன்பதாம் நாள் ஆறு பேரும் கப்பலில் வந்தார்கள். தொடர்ந்த, பொறுமையான ராஜதந்திர முயற்சிகளின் பலன் என்று அறிக்கை வெளியானது. அதை எழுதியதும் நான்தான். காப்பியைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தேன், ஹிலால் அடித்துவிட்டார். விருந்தில் மரபு மீறி நடந்ததற்கு விளக்கம் கேட்டு சுவைலிமுக்கும் ஒரு தாள் போனது.

துறைமுகத்தில் பூச்செண்டோடு நின்ற அதிகாரிகளின் பட்டியலில் சுவைலிமின் பெயர் இல்லை. கயிற்றுக்கு வெளியே குடும்பத்துக்காரர்களோடு நின்றார். படம் எடுத்து முடிந்ததும் கமீஸ் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தான். பாதியாக இளைத்திருந்தான். அண்ணனைக் கட்டிக்கொண்டு, தோளில் முகம் வைத்தபடியே சொன்னான்:

"அண்ணே, எஞ்சினைக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. புது எஞ்சின்ணே. அதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்ல?"

சுவைலிம் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒரு கோப்பைதான்டா குடுத்தாங்க," என்றார்.