தவமலர் அக்கா கேட்ட மன்னிப்பு

ஜெர்மனியின் பான் நகரிலிருந்து தவமலர் அக்காவின் மகள் அழைத்தாள். “அங்கிள், அம்மா போயிட்டா. காலமை தேத்தண்ணி குடிச்சவ, பிறகு அப்பிடியே கண்ணை மூடிட்டா.” பிறகு சொன்னாள்: “செத்தவீட்டில ஆரும் என்னைப் புகழ்ந்து கதைச்சா எழும்பி வருவன் எண்டு சொன்னவ.” அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே புகழாமல், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஜெர்மன் படித்து, பிறகு சீனமும் படித்தவர் தவமலர் அக்கா. நான் தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுக்கு வந்தவன். எங்கள் இருவருக்கும் ஒரே துறை: இடைக்காலச் சீனாவில் பௌத்தர்கள் பாவமன்னிப்புக் கேட்ட சடங்குகள். தொடக்கத்தில் அது துறவிகளின் உள்விவகாரம். குறித்த நாளில் கூடுவார்கள். விதி மீறியவர் எழுந்து ஒப்புக்கொள்வார். காலப்போக்கில் அதே சடங்கு மடத்தை விட்டு வெளியே வந்தது. பேரரசர்கள் ஆடம்பரமாக நடத்தினார்கள். ஊர்மக்கள் புத்தர்களின் பெயர்களைச் சொல்லி விழுந்து வணங்கினார்கள். இறந்துபோன பெற்றோருக்காகப் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஏன் இப்படி மாறியது? அரசவை செய்ததை மக்கள் பின்பற்றினார்கள் என்பது அக்காவின் கட்சி. பெற்றோரை இழந்த சாதாரணக் குடும்பங்களின் தவிப்புதான் சடங்கை வெளியே இழுத்தது என்பது என்னுடையது. பான் கருத்தரங்கில் நான் அதைச் சொல்லி முடித்ததும் அவர் எழுந்தார். “நல்ல கதை. ஆதாரம் எங்கே?” அரங்கமே சிரித்தது. என் ஆய்வுக்கு நிதி நீட்டிப்பதா என்று முடிவு செய்யவேண்டியவர்களும் சிரித்தார்கள். நிதி வரவில்லை. நான் ஹாம் நகரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அதன்பின் ஓராண்டுக்கு மேலிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்தபடி அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். சீனக் கிராமத்துச் சங்கங்கள் இறந்த பெற்றோருக்காக எழுப்பிய கல்வெட்டுகளை மறுபடி வாசித்தாராம்.

“ரவி, நான் பிழை விட்டிட்டன். நீங்கள் சொன்னதுதான் சரி.”

“பரவாயில்லக்கா, விடுங்க. முதல்ல உள்ள வாங்க.”

“விடேலாது. எல்லாரையும் உங்களைப் பாத்துச் சிரிக்க வச்சனான். இஞ்ச வந்து காதுக்குள்ள சொன்னாக் காணாது.”

அடுத்த கருத்தரங்கு லைப்சிக்கில். கிடங்கில் விடுப்புப் போட வைத்து, என்னை முன்வரிசையில் உட்கார்த்தினார். தன் உரைக்கு முன், நான் சொன்னதையும், தான் கேலி செய்ததையும், அது என் வேலையைப் பறித்ததையும் நிதானமான ஜெர்மனில் ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் ஒரு ‘ஆனால்’கூட இல்லை. “அப்படியானால் விழுந்து வணங்குவீர்களா?” என்று ஒரு பேராசிரியர் கேலியாகக் கேட்டார். “முழங்கால் மட்டும் ஒத்துழைக்காது, மற்றதெல்லாம் செய்யத் தயார்” என்றார் அக்கா. இந்த முறை அரங்கம் அவரோடு சேர்ந்து சிரித்தது. தான் தொடங்கவிருந்த ஆய்வைக் கூட்டு ஆய்வாக மாற்றி, என்னை உள்ளே இழுத்துக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

அதன்பின் எங்களுக்குச் சண்டை போடாத வாரம் இல்லை. ஹாமின் ஊன்ட்றொப் பகுதியிலுள்ள தமிழ்க் கோயிலுக்கு அம்மன் தேர் பார்க்கப் போனால் அங்கேயும் ஆராய்ச்சிதான். ஒருமுறை வெயிலில் ஒருவர் வீதியில் உருண்டு நேர்த்திக்கடன் தீர்க்க, அவர் மனைவி பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிக்கொண்டிருந்தார். அக்கா என் கையைத் தட்டினார். “பாருங்கோ, ஐயர் எங்கயோ நிக்கிறார். சனம் தானே நடத்துது. இதைத்தான் நான் சீனாவில பாக்காமல் விட்டனான்.” சொல்லிவிட்டு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கினார், என்னுடையதிலும் பாதியைத் தின்றார்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது குரல் மெலிந்திருந்தது. எங்கள் கூட்டு ஆய்வுப் புத்தகத்தின் அச்சுப்படி மடியில் கிடந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ரவி, உங்கட மூண்டாம் அத்தியாயம் எனக்கு இன்னும் பிடிக்கேல்லை. அரசவையை ஒரேயடியா ஒதுக்கிப்போட்டியள்.”

“அக்கா, இப்பவுமா?”

“இப்ப இல்லாட்டி எப்ப?”

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சண்டைதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் இறந்த வாரம் முழுக்க மூன்றாம் அத்தியாயத்தோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா சொன்னதுதான் சரி. திருத்தி எழுதுகிறேன்.