பைன் மரத்துக்கு அந்தப் பக்கம்

சுசோக் அறுவடைத் திருநாளுக்கு ஊர் ஊராக மகன்கள் வீடு திரும்புவார்கள். மருமகள்கள் அடுப்பை விட்டுத் திரும்பக்கூட மாட்டார்கள். செத்துப்போன முன்னோர்களுக்குப் புது அரிசிச் சோறு படைக்கணும், அப்புறம் உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பரிமாறணும். செத்தவர்கள் பரவாயில்லை, இரண்டாவது தடவை கேட்கமாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் மருமகளுக்கு ஒரு பகல் விடுமுறை. அதிலும் பிறந்த வீடுவரை போகமுடியாது. அவள் பாதி வழி நடப்பாள், பெற்றவள் பாதி வழி நடப்பாள், நடுவில் சந்தித்துக்கொள்வார்கள். 'பாதிப் பார்வை' என்று அதற்குப் பெயர். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் ஏதாவது ஒரு ராஜா பெயரைச் சொல்வார்கள். போக்சிலுக்கு அதில் நம்பிக்கை இல்லை. யாரோ ஒரு மாமியார்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

போக்சில் பதினேழு வயதில் முயல் கணவாய்க்கு இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். கணவாய் உச்சியில் ஒரு கோணல் பைன் மரம். அதுதான் பாதி. "மரத்தைத் தாண்டிக் காலை வச்சே, அப்படியே அங்கேயே இருந்துக்கோ. இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்று மாமியார் முதல் வருஷமே சொல்லிவிட்டாள். பேச்சு மாறாத மனுஷி. மாறினால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் போக்சிலின் அம்மாவுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. முதல் சில வருஷங்கள் அவள் மரத்தைத் தாண்டி, மகள் பக்கத்துச் சரிவில் பாதி இறங்கி, சேப்பங்கிழங்கு சூப்புச் சட்டியோடு ஒன்றும் தெரியாதவள்போல் உட்கார்ந்திருப்பாள்.

"என்னம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டே?"

"காத்து தள்ளிடுச்சுடி. உக்காரு, தலையைக் காட்டு."

தலைவாரிவிடுவாள். போக்சில் பைன் ஊசி மணக்கும் பிறைக் கொழுக்கட்டைகளைப் பிரிப்பாள். அம்மா தின்றுகொண்டே, "உப்பு கம்மி" என்பாள். பிறகு இருவரும் மாமியாரை ஆசைதீரத் திட்டிவிட்டுக் கொஞ்சம் அழுவார்கள். சாயங்காலம் அடுப்புப் புகை எழும் நேரத்துக்குள் போக்சில் மாமியார் வீட்டில் இருக்கணும்.

வருஷங்கள் போகப்போக அம்மா சரிவில் இறங்குவது நின்றது. மரத்தடியோடு சரி. பிறகு மரத்தடிக்கே மூச்சு வாங்கிக்கொண்டு தாமதமாக வந்தாள். "முட்டி வலியா?" என்றால், "வழியில ஒருத்திகிட்ட பேசிட்டு இருந்தேன்" என்பாள். அந்தக் காட்டு வழியில் பேசுவதற்கு முயல்தான் உண்டு.

இந்த வருஷம் மரத்தடியில் யாரும் இல்லை.

போக்சில் காத்திருந்தாள். மர நிழல் அவளைவிட்டு நகர்ந்தது. கொழுக்கட்டை ஆறியது. மாமியார் சொன்னது காதில் கேட்டது. நன்றாகவே கேட்டது. எழுந்து அந்தப் பக்கம் இறங்கினாள்.

இரண்டு வளைவு தாண்டியதும் தம்பி தோக்பே எதிரே தள்ளாடித் தள்ளாடி ஏறி வந்தான். முதுகில் விறகு சுமக்கும் சட்டம். அதில் விறகு இல்லை. சட்டத்தின் மேல் அம்மா, கீழே ஊரைப் பார்த்தபடி, இவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"விறகு வேணுமாக்கா?" என்றான் தோக்பே மூச்சிரைக்க. "பழைய விறகு. வாய் மட்டும் ஓயாது."

"யாருடா அங்க? போக்சிலா?" அம்மா திரும்பிப் பார்க்கப்போய்க் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டாள். "அடிப்பாவி, மரத்தைத் தாண்டிட்டியா! மேல போடி! டேய், சீக்கிரம் ஏறுடா, அங்க போய்ப் பாத்துக்கலாம்!"

தோக்பே ஓர் அடி வைத்துவிட்டு ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான். இன்னும் இருபது அடி ஏறினால் மூன்று பேரும் உருண்டே ஊர் போய்ச் சேரலாம்.

போக்சில் பாவாடையை இழுத்துச் செருகினாள். "இறக்குடா." தம்பி இறக்கினான். அவள் சட்டத்தின் வார்களுக்குள் தோள்களை நுழைத்து, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். அம்மாவிடம் கனமே இல்லை. அதுதான் அவளைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. ஊர்ப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"எங்கடி போறே? மரம் அந்தப் பக்கம்!"

"பேசாம வாம்மா. விறகு பேசாது."

இப்போது அம்மாவின் முகம் கணவாயைப் பார்த்து இருந்தது. சுளுக்கிய கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "மரம் சின்னதாயிடுச்சுடி," என்றாள். அப்புறம், "உச்சி மட்டும் தெரியுது." ஒரு வளைவு. "இப்பத் தெரியலை."

கீழே அவர்கள் ஊரில் அடுப்புப் புகை எழ ஆரம்பித்திருந்தது.

"ராத்திரி வரலைன்னா உன் மாமியாருக்கு என்னடி சொல்லுவே?"

"நாளைக்குத்தானே கேப்பாங்க," என்றாள் போக்சில்.