தபசுக்கு வரப்போகும் கண்கள்

கணவனை இழந்த ஒருத்தியிடம் பொய் சொன்னேன். இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்... உங்களிடம்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

கண் வங்கியில் எனக்கு வேலை. இறந்தவர் வீட்டுக்குப் போய்க் கண்களை எடுத்து வருவேன். சங்கரன்கோவிலில் முப்பிடாதி அக்காவின் கணவர் இறந்தபோதும் நான்தான் போனேன். உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். குளிப்பாட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும். படிவத்தில், பொருத்த முடியாத கண்கள் ஆராய்ச்சிக்குப் போகும் என்றொரு வரி உண்டு. அதை வாசித்துக் காட்டாமலே அக்காவிடம் கையெழுத்து வாங்கினேன். அவசரமா? இல்லை... வாசித்தால் மறுத்துவிடுவாளோ என்ற பயம்!

கருவிழிகள் பொருத்தத் தேறவில்லை. விழித்திரை கண் வங்கியோடு சேர்ந்த எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. மெல்லிய சீவல்களாக அறுத்தவனும் நானே. கண்ணின் ரத்தக்குழாய்ச் சுவரில் செல்லோடு செல்லை இறுக்கிப் பிடிக்கும் புரதங்கள் இருக்கின்றன, செங்கல்லுக்கு இடையே சிமெண்டுப் பூச்சு மாதிரி. சாயம் ஏற்றினால் நுண்ணோக்கியில் பச்சைக் கோடாக ஒளிரும். அவருக்குக் கோடு அறுந்து அறுந்து கிடந்தது. சர்க்கரை நோய் பூச்சை அரித்து, ரத்தத்தின் நீர் கசிந்து, விழித்திரை வீங்கியிருந்தது. கடைசிக் காலத்தில் மனிதர் எதையும் தெளிவாகப் பார்த்திருக்க மாட்டார். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை போலும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன்.

"அவுக கண்ணு இப்ப ஆருகிட்ட இருக்கு தம்பி?" என்றாள் அக்கா.

"புளியங்குடியில காலேஜ் படிக்கிற பொம்பளப் பிள்ளைக்கு வச்சிருக்குக்கா."

அந்த முகம் மலர்ந்ததே... ஐயோ! அதை என்னால் மறக்கவே முடியவில்லை.

சென்ற வாரம் பேருந்து நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம கோயில்ல அவுக ஒரு தபசுத் திருநாள விட்டதில்ல தம்பி. இந்த ஆடித்தபசுக்கு அந்தப் பிள்ளைய இங்கன கூட்டிட்டு வாங்க. சாமி அம்மனுக்குக் குடுக்கிற காட்சிய அவுக கண்ணு பாக்கட்டும்."

"கூட்டிட்டு வாரேன்க்கா" என்றேன்.

ஏன் சொன்னேன்? உண்மை தெரிந்தால் உடைந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்... என் வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன்!

நேற்று, கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகளிடம் பேசினேன். கண் பெற்ற அந்தப் புளியங்குடிப் பெண்ணாக அக்கா முன்னால் ஒரே ஒரு நாள் நின்றால் போதும் என்றேன். தலையாட்டினாள். பிறகு கேட்டாள்:

"அவுக என் கண்ணப் பாத்து அழுதா, நான் என்ன செய்யணும் மாமா?"

நீங்களாவது சொல்லுங்கள்... தபசுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது.