செல்லாத கையெழுத்து

குவைத்தில் நான் வேலை செய்யும் கம்பெனியில் எங்கள் பாஸ்போர்ட்டுகளை முதலாளியே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார். லீவுக்குக் கிளம்பும்போதுதான் அது நம் கைக்கு வரும். இந்த முறை எடுத்துக் கொடுத்த எகிப்து நாட்டு மேனேஜர் அதில் பிறந்த ஊரைப் படித்துவிட்டு, "பாண்டிச்சேரியா? அப்படியானால் நீ பிரெஞ்சுக்காரன்" என்றார். இல்லை என்றேன். நான் அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்து முதுகில் தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, விரும்புகிறவர்கள் அவர்கள் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அதற்கொரு கெடுவும் வைத்தார்கள். அரியாங்குப்பத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெரியப்பா. பெரியப்பா போய் எழுதிக் கொடுத்தார். மில்லில் வேலை பார்த்த என் அப்பா, "வெள்ளக்காரனே போயிட்டான், அவன் காகிதம் நமக்கு எதுக்கு?" என்று ஷிப்டுக்குப் போய்விட்டார். பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணன் பிரான்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். இன்று பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாடிவீடு கட்டி, காலையில் கடற்கரையில் நடக்கிறார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஊரில் இருக்கிறார். ஊர்ப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நான் பாலைவனத்தில் ஏசி ரிப்பேர் செய்கிறேன். மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் பொறாமைப்பட வசதியாக இருந்திருக்கும். நல்லவர். அதுதான் கஷ்டம்.

என் பாஸ்போர்ட்டின் காலம் முடியப் போகிறது. லீவுக்குள் புதுப்பிக்காவிட்டால் விசா போய்விடும், வேலையும் போய்விடும். வீட்டு ஆள் அல்லாத, என்னை நேரில் தெரிந்த, ஊரில் மதிப்புள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று பாஸ்போர்ட் ஆபீசில் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் மதிப்புள்ளவர் என்றால் சொல்தாதான். பெண் பார்க்கப் போவதென்றாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்றாலும் அவரைத்தான் முன்னால் நிறுத்துவோம். அந்தப் பழக்கத்தில் யோசிக்காமல் அண்ணனையே அழைத்துப் போனேன். இஸ்திரி போட்ட கால்சட்டையோடு வந்து, தன் பேனாவாலேயே அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

கிளார்க் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சார், நீங்க பிரெஞ்சு நேஷனாலிட்டி தானே? இது செல்லாது. இந்தியர் யாரையாவது கூட்டியாரச் சொல்லுங்க."

"இவன் பொறந்தப்பவே தூக்கினவன்பா நானு."

"இருக்கட்டும் சார். சட்டப்படி நீங்க வெளிநாட்டுக்காரரு."

அண்ணனின் முகம் சுண்டிப்போனது. எனக்கோ நெஞ்செல்லாம் குளிர்ந்தது. எத்தனையோ வருஷம் மாடிவீட்டைப் பார்த்து வெந்ததற்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்றிருந்தது. அது நிலைக்கவில்லை. அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரரைப் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்தார். அவர் தடுமாறித் தடுமாறிக் கையெழுத்துப் போட்டார். அது செல்லுபடியானது. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கடைத்தெருவுக்கு நடந்துவிட்டார். வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "நான் இங்க தங்குற பர்மிட்டும் முடியப் போவுது. அதுக்கும் இந்தியர் ஒருத்தர் கையெழுத்து வேணுமாம். நீ போட்டுடேன்."

"எப்பண்ணே?"

"ரெண்டு மாசத்துல."

"நான் இருக்க மாட்டனே."

"ஆமால்ல. சரி, சித்தப்பா போடுவாரு. நீ நிம்மதியா போய்ட்டு வா. வீட்டப் பத்திக் கவலப்படாத, இங்க நான் இருக்கன்ல."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு மறுபடியும் எரிந்தது. அவர் இங்கே இருக்க என் அப்பா சாட்சி. நான் இங்கே இல்லாததற்கு யாருடைய சாட்சியும் தேவையில்லை.

அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். ஆற்றுப்பாலம் தாண்டியதும், எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மா கைகாட்டி நிறுத்தினாள். "தம்பி, சாய்ந்தரம் வஞ்சிரம் கொண்டாரட்டா?" என்று அண்ணனிடம் கேட்டாள். அப்புறம் என்னைக் கவனித்துச் சிரித்தாள்.

"எப்பப்பா வந்த? எப்பப் போற?"

நான் வாயைத் திறப்பதற்குள், "அடுத்த மாசம்" என்று அண்ணனே சொல்லிவிட்டார்.